ஏலப்பூவின் உதடு

போடிநாயக்கனூரில் ஏலக்காயைப் பற்றிப் பேச ஆள் தேட வேண்டியதில்லை. ஒரு பிடி காயை உள்ளங்கையில் பரப்பி, இது ஏழு எம்.எம்., இது எட்டு என்று சல்லடை இல்லாமலே பிரித்துச் சொல்லும் கண்கள் இந்த ஊரில் ஏராளம். காயை உலர்த்தும் ஸ்டோரில் சூடு கூடிப்போனதா, பறித்தவர் அவசரப்பட்டு இளங்காயை எடுத்துவிட்டாரா என்பதையெல்லாம் காயின் பச்சையை வைத்தே கண்டுபிடித்துவிடுவார்கள். 'காய் என்ன விலை?' என்று ஒருவர் கேட்டால், எந்தக் காய் என்று இங்கே யாரும் திருப்பிக் கேட்பதில்லை. நறுமணப் பொருள் வாரியத்தின் மின்னணு ஏலம் நடக்கும் இடங்களில் ஒன்று போடி. மற்றொன்று மலைக்கு அந்தப் பக்கம், வண்டன்மேட்டை ஒட்டிய புற்றடி. 2019 ஆகஸ்டில் புற்றடியில் ஒரு கிலோ 7,000 ரூபாயைத் தொட்டதை ஊரில் இன்னமும் பேசுகிறார்கள்.

இவ்வளவு தெரிந்த ஊரில், ஏலப்பூ என்ன நிறம் என்று கேட்டுப் பாருங்கள். தோட்ட வேலைக்குப் போகிறவர்கள் சட்டென்று சொல்லிவிடுவார்கள். காயை மூட்டையாக மட்டுமே பார்த்தவர்கள் கொஞ்சம் யோசிப்பார்கள். மற்ற ஊர்க்காரர்களைக் கேட்கவே வேண்டாம். பாயசத்திலும் டீயிலும் தட்டிப் போடுவதோடு சரி, அதற்குப் பூ என்று ஒன்று இருந்திருக்கும் என்று நினைத்தே பார்த்திருக்க மாட்டார்கள்.

நஷ்டம் நமக்குத்தான். மேற்குத் தொடர்ச்சி மலையின் சோலைப் பூக்களில் வேலைப்பாட்டின் நுணுக்கத்துக்கு ஒரு வரிசை போட்டால், ஏலப்பூ முதல் சில இடங்களுக்குள் வந்துவிடும் என்பது என் கட்சி. அழகில்கூடச் சண்டைக்கு வரலாம். நுணுக்கத்தில் சந்தேகமே இல்லை. தூரத்திலிருந்து தெரியாதது அதன் குறை. நீலக்குறிஞ்சிக்கு அந்தக் கவலை கிடையாது. அது பூத்தால் மலைக்கே நிறம் மாறும். 2006-இலும் 2018-இலும் மூணாறு மலைகளில் பூத்தது; 2022 அக்டோபரில் சாந்தன்பாறை அருகே கள்ளிப்பாறைக் குன்றுகளில் பூத்தபோது ஜனம் திருவிழாவுக்குப் போவதுபோல் திரண்டது. அந்தக் கூட்டம் கடந்துபோன சாலைகளின் இருபுறமும் ஏலத் தோட்டங்கள்தான். வண்டியை நிறுத்தி, இறங்கி, ஒரு செடியின் அடியில் குனிந்து பார்த்தவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள்?

அந்தச் செடியைப் பார்க்கப் போடியிலிருந்து கிளம்பினால், முந்தல் என்ற ஊரைத் தாண்டியதும் மலை ஏற்றம் தொடங்குகிறது. போடியிலிருந்து போடிமெட்டு வரை ஏறக்குறைய 26 கிலோமீட்டர், 17 கொண்டை ஊசி வளைவுகள். அடிவாரத்தில் மாந்தோப்பு, இலவ மரம், வெயிலில் காய்ந்து கிடக்கும் புதர்க்காடு. தென்மேற்குப் பருவமழையைப் பொறுத்தவரை போடி மழை மறைவுப் பூமி. மலை மழையை அந்தப் பக்கத்திலேயே வாங்கிக்கொண்டு காற்றை மட்டும் இந்தப் பக்கம் அனுப்புகிறது. ஏற ஏறக் காபியும் மிளகுக் கொடியும் தென்படும். 4,500 அடி வாக்கில் இருக்கிற போடிமெட்டில் தமிழ்நாடு முடிந்து இடுக்கி மாவட்டம் தொடங்குகிறது. வெயிலின் குணமும் அங்கேயே மாறிவிடுகிறது. பூப்பாறை, சாந்தன்பாறை, உடும்பன்சோலை என்று நீளும் அந்த மேட்டு நிலத்தில் பெரிய மரங்களை நிழலுக்கு நிறுத்திவைத்து, அடியில் ஏலத்தை வளர்க்கிறார்கள்.

தேயிலை மாதிரி வெளியிலிருந்து கொண்டுவந்து நட்ட பயிர் அல்ல ஏலம். இந்த மலைகளின் மழைக்காட்டுத் தரையில் தானாக முளைத்து வந்த செடி. 600 மீட்டருக்கும் 1,500 மீட்டருக்கும் நடுவே, வெயில் நேராக விழாத, இலைமக்கு நிறைந்த ஈரமண்ணில் காட்டு ஏலம் இன்றும் உண்டு. பழைய நாளில் காட்டுக்குள் பெரிய மரம் ஒன்றை வெட்டிச் சாய்ப்பார்கள். கூரை திறந்து வெளிச்சம் விழுந்த இடத்தில் ஏல நாற்றுகள் தாமாகவே கிளம்பும். களை எடுத்துக் காத்து நின்றால் சில ஆண்டுகளில் காய் வரும். நட்டு வளர்ப்பதெல்லாம் பிறகு வந்த பழக்கம். காடு எப்படி இருந்திருக்கும் என்று பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்குப் பூப்பாறையை ஒட்டி மதிகெட்டான் சோலை மிச்சமிருக்கிறது. 2003-இல் தேசியப் பூங்காவான அதன் பரப்பு 12.82 சதுர கிலோமீட்டர்தான். உள்ளே போனவன் வழி தப்பிப் புத்தி பேதலித்துத் திரிவான் என்பது அந்தப் பெயருக்குச் சொல்லப்படும் கதை.

காட்டில் ஒரு பூவை இன்னதென்று கண்டுபிடிக்கப் பூவிலிருந்து தொடங்கக் கூடாது. செடி எப்படி நிற்கிறது, பூ செடியின் எந்த இடத்திலிருந்து வருகிறது என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். ஏலச்செடி ஆள் உயரத்தைத் தாண்டும்; 2 மீட்டரிலிருந்து 4 மீட்டர் வரை போகும். ஒரே தூரில் பல தட்டைகள் கிளம்பிக் கும்பலாக நிற்கும். தட்டையைத் தண்டு என்று நினைப்போம். அது தண்டு இல்லை, ஒன்றுக்குள் ஒன்றாகச் சுருண்ட இலை உறைகளின் திரட்சி. வாழைக்கும் இதே கதைதான். ஏலத்துக்கு வாழை தூரத்துச் சொந்தம், இஞ்சியும் மஞ்சளும் நெருங்கிய பங்காளிகள். உண்மையான தண்டு மண்ணுக்குள் கிழங்காகப் படுத்திருக்கிறது. இலைகள் நீண்டு, நுனி கூர்ந்து, இடம் வலமாக இரண்டே வரிசையில் அடுக்கியிருக்கும். சிலவற்றில் இலையின் அடிப்புறத்தைத் தடவினால் மென்மயிர் விரலில் படும்.

இவ்வளவு உயரச் செடிக்குப் பூ உச்சியில்தான் இருக்கும் என்று அண்ணாந்து பார்ப்பவருக்கு ஒன்றும் கிடைக்காது. பூ காலடியில் இருக்கிறது. தூரின் அடியிலிருந்து, மண்ணை ஒட்டி, மெல்லிய காம்பு ஒன்று கிளம்பிச் சருகுகளுக்கு மேலேயே நீண்டு போகிறது. இதைத்தான் தோட்டத்தில் சரம் என்பார்கள். மலபார் வகையில் சரம் தரையோடு தரையாகப் படர்ந்து கிடக்கும். மைசூர் வகையில் நிமிர்ந்து நிற்கும். வழுக்கை என்ற மூன்றாம் வகையில் நிமிர்வதா படுப்பதா என்று முடிவெடுக்காமல் வளைந்து தொங்கும். இடுக்கியில் பெரும்பாலான தோட்டங்களைப் பிடித்துக்கொண்ட ஞள்ளானி இந்த வழுக்கை வகையில் வந்ததே. சரம் கிடக்கிற கோணத்தைப் பார்த்தே செடியின் வம்சத்தைச் சொல்லிவிடலாம் என்பது எனக்கு எப்போதும் பிடித்த விஷயம்.

பூ வரும் இடத்தைப் பார்த்தாலே பாதிப் பேரைப் பட்டியலிலிருந்து நீக்கிவிடலாம். சித்தரத்தைக்கு உடம்பு ஏலத்தின் உடம்பு மாதிரியே இருக்கும், பூ உச்சியில். கேரளத்தார் கல்யாண சௌகந்திகம் என்று கொண்டாடும் வெள்ளைப் பூவும் இதே குடும்பம்தான், ஓடையோரங்களில் கும்பலாக நிற்கும். அதற்கும் பூ உச்சியில். தூரடியில் பூக்கிற இன்னொரு கூட்டம் அமோமம் வகைச் செடிகள். இவைதாம் கண்ணை ஏமாற்றும். ஆனால் அவற்றின் பூக்கொத்து சரமாக நீளாது, மண்ணோடு ஒட்டி நெருக்கமாகத் திரண்டு நிற்கும். பிரியாணிக்குப் போடுகிற கருப்பு ஏலக்காய் அந்தக் கூட்டம்தான். சிக்கிம் மலைகளில் விளைகிறது, அதன் பூ மஞ்சள். ஆக, உயரமான இஞ்சிக் குடும்பச் செடி, தூரிலிருந்து நீளமான சரம், சரத்தில் ஆங்காங்கே வெள்ளைப் புள்ளிகள் என்றால் மண்டியிட்டுக்கொள்ளலாம். மீதியைப் பூவே சொல்லும்.

பூ முழு நீளத்தில் 4 சென்டிமீட்டர் வாக்கில் இருக்கும். விரிந்த முகம் அதில் பாதிகூட இல்லை. சரத்தின் ஒவ்வொரு கணுவிலும் சிறு செதில் ஒன்று. செதிலின் கக்கத்தில் மொட்டுக் குடும்பம் ஒன்று. அந்தக் குடும்பத்தில் ஒன்று பூத்து முடிந்த பிறகே அடுத்தது வரும், எல்லாம் சேர்ந்து கிளம்பாது. சரமும் அடியிலிருந்து நுனியை நோக்கித்தான் பூத்துக்கொண்டு போகிறது. அதனால் ஒரே சரத்தில் அடியில் பிஞ்சு, நடுவில் பூ, நுனியில் மொட்டு என்று மூன்று பருவத்தையும் ஒரே பார்வையில் பார்த்துவிடலாம்.

முதலில் கண்ணுக்குப் படுவது அந்த உதடு. தாவர நூல்களில் உதட்டிதழ் என்பார்கள். கீழ்ப்புறமாக விரிந்து, நுனியில் லேசாக மூன்று மடலாகப் பிரிந்து, விளிம்பெல்லாம் சுருக்கம் விழுந்த வெள்ளை. வெள்ளையின் நடுவில் ஊதாக் கோடுகள். இந்தக் கோடுகளுக்காகத்தான் மண்டியிடச் சொன்னேன். வெற்றிலையின் நரம்புகள் காம்பிலிருந்து கிளம்பி ஓரத்துக்கு விரிகிற மாதிரி, பூவின் தொண்டையிலிருந்து கிளம்பி உதட்டின் மேல் விரிகின்றன. தொண்டைக்கு அருகே தடித்து நெருக்கமாக இருப்பவை, விளிம்பை நெருங்க நெருங்க மெலிந்து, கிளைத்து, கடைசியில் வெள்ளையில் கரைந்துபோகின்றன. விளிம்பு வரை எந்தக் கோடும் போவதில்லை. சுற்றிலும் கறைபடாத வெள்ளைக் கரை ஒன்று விடப்பட்டிருக்கிறது. இரண்டு பூக்களைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கோடுகளின் கிளைப்பு ஒன்றுபோல் இருக்காது. நிறமும் எல்லாப் பூவிலும் ஒரே அழுத்தத்தில் இருப்பதில்லை; சிலவற்றில் நல்ல ஊதா, சிலவற்றில் இளஞ்சிவப்பை நெருங்கிய சாயல். மழை நின்ற காலையில், நீர்த்துளி ஒன்று அந்த உதட்டில் உட்கார்ந்திருக்கும்போது கோடுகள் பெருத்துத் தெரியும். கையில் லென்ஸ் இருந்தால் நல்லது. இல்லாவிட்டாலும் கண்ணே போதும்.

இனி இதழ்களை எண்ணலாம். இங்கேதான் ஏலப்பூ நம்மை ஒரு சுற்றுச் சுற்றவைக்கும். நாம் இதழ் என்று பார்த்து மயங்கியது இதழே இல்லை. இதன் அல்லி இதழ்கள் வேறு. உதட்டுக்குப் பின்னால் வெளிர்பச்சையாக, ஒடுக்கமாக, யாருடைய கவனத்தையும் கேட்காமல் மூன்று பட்டைகள் ஒதுங்கியிருக்கின்றன, அவைதாம் இதழ்கள். மேலே இருப்பது மற்ற இரண்டைவிடச் சற்று அகலம், குவிந்து கவிந்திருக்கும். அவற்றுக்கும் வெளியே மூன்று புல்லிகளும் ஒட்டிக் குழலாகிப்போன உறை.

அப்படியானால் வெள்ளையும் ஊதாவுமாக விரிந்திருப்பது எது? மகரந்தத் தாள். இஞ்சிக் குடும்பத்தின் முன்னோருக்கு மகரந்தத் தாள்கள் ஆறு, மூன்று மூன்றாக இரண்டு வட்டங்களில் இருந்தன. ஏலப்பூவில் அந்த ஆறுக்கும் கணக்குக் கேட்டுப் பார்ப்போம். உள்வட்டத்து மூன்றில் இரண்டு மகரந்தம் சுமக்கும் வேலையை விட்டுவிட்டு, ஒன்றோடொன்று ஒட்டி அகன்று இந்த உதடாகிவிட்டன. மிஞ்சிய ஒன்று மட்டும் மகரந்தத் தாளாகவே நிற்கிறது. பூ முழுமைக்கும் மகரந்தம் தருவது அது ஒன்றுதான். வெளிவட்டத்தில் இரண்டு தேய்ந்து, உதட்டின் அடியில் இரு பக்கமும் குத்தூசி முனையளவில் இரண்டு பற்களாகக் குறுகிவிட்டன. ஆறாவது அடியோடு காணாமல் போய்விட்டது. கணக்கு சரி. அந்த இரண்டு பற்களைக் கண்டுபிடிப்பதுதான் இந்தப் பூவைப் படிப்பதில் இருக்கும் பெரிய சந்தோஷம். பூவை லேசாகச் சாய்த்து, உதடு தொண்டைக்குள் இறங்கும் இடத்தைப் பார்த்தால் தெரியும். சௌகந்திகத்தில் இதே இரண்டும் பெரிய வெள்ளைச் சிறகுகளாக விரிந்து நிற்கும்; ஏலத்தில் பற்களோடு நின்றுவிட்டன. இரண்டு செடிகளையும் பிரித்துச் சொல்ல இதைவிட நுட்பமான அடையாளம் வேண்டுமா?

நம் வீட்டு வாசலில் நிற்கும் கல்வாழையிலும் இதே தந்திரம் நடக்கிறது. அதன் சிவப்பும் மஞ்சளும் மகரந்தத் தாள்கள் உருமாறியவையே. ஆர்க்கிட் பூக்களுக்கும் உதடு உண்டு, அதுவும் கோடு போட்ட உதடு. ஏலப்பூவின் படத்தைப் பார்த்து அதை ஆர்க்கிட் என்று நினைப்பவர்கள் உண்டு. ஆர்க்கிட்டின் உதடு உண்மையான இதழ். ஏலத்தின் உதடு வேஷம் போட்டு வந்தது. இரண்டும் ஒன்றுக்கொன்று தெரியாமலே ஒரே முடிவுக்கு வந்திருக்கின்றன: பூச்சி உட்கார ஒரு திண்ணை வேண்டும், உள்ளே போக வழி காட்டும் கோடு வேண்டும்.

அந்த ஒற்றை மகரந்தத் தாளை இன்னும் கொஞ்ச நேரம் பார்க்கலாம். உதட்டுக்கு நேர் மேலே, அதைப் பார்த்துக் கவிந்து நிற்கிறது. மகரந்தப் பை இரண்டு அறையாகப் பிளந்திருக்கிறது. சூலகத்திலிருந்து வரும் சூல்தண்டு இழையளவு மெலிதானது. தனியாக நிற்கத் தெம்பில்லை. அது என்ன செய்கிறது தெரியுமா? இரண்டு அறைகளுக்கும் நடுவே இருக்கும் பள்ளத்தில் படுத்துக்கொண்டு, மகரந்தப் பை தாங்க, அதன் உச்சிக்கு மேல் தன் சூல்முடியை மட்டும் எட்டிப் பார்க்கவைக்கிறது. சூல்முடி ஒரு சின்னக் குழிவு, விளிம்பில் நுண்மயிர். ஆணும் பெண்ணும் இவ்வளவு நெருக்கத்தில் இருந்தும், மகரந்தம் தானாக ஏறிச் சூல்முடியை எட்டாது. தன் மகரந்தத்தையே ஏற்றுக்கொள்ளக்கூடிய பூதான் இது. ஆனாலும் கொண்டுபோய்ச் சேர்க்க ஆள் வேண்டும். தேனீ வந்து உதட்டில் இறங்கி, ஊதாக் கோடுகளைப் பிடித்துத் தொண்டைக்குள் தலையை நுழைக்கும்போது அதன் முதுகு மேலே உரசுகிறது. தேனை எட்டுவதற்குள் காரியம் முடிந்துவிடும்.

எல்லாம் ஒரே நாளுக்குள் முடிய வேண்டும். பூ விடியும் முன்பே விரியத் தொடங்கி, காலையில் முழு முகம் காட்டி, சாயங்காலத்துக்குள் துவண்டுவிடுகிறது. தேனீ வராத பூ காயாவது அபூர்வம். ஜூன், ஜூலையில் நாள் கணக்காக மழை விடாமல் பிடித்தால் தேனீ வெளியே வராது. அன்றைய பூக்கள் வீண். விவசாயி மழையைக் கேட்கிறார், காலையில் ஒரு வெயிலையும் கேட்கிறார்.

காட்டு ஏலத்தையும் தோட்டத்து ஏலத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்த ஆய்வு ஒன்று 2009-இல் 'அன்னல்ஸ் ஆஃப் பாட்டனி' இதழில் வந்தது. காட்டில் ஒரு செடி நாளைக்குச் சில பூக்களையே திறக்கிறது. அதற்கு வருபவை அமெகில்லா, மெகாகைல் என்ற தனித்து வாழும் தேனீக்கள். இவை கூட்டம் சேர்க்காதவை; அங்கொன்றும் இங்கொன்றுமாக இருக்கும் பூக்களைத் தேடிச் சுற்றி வருபவை. தோட்டத்தில் பூவும் பெரிது, தேனும் அதிகம், ஒரு நாளில் திறக்கும் எண்ணிக்கையும் கூடுதல். அங்கே வருகிறவை மலைத்தேனீ, அடுக்குத் தேனீ, கொசுத்தேனீ என்று கூட்டமாக வாழ்பவை. மனிதன் காய்க்காகத் தேர்ந்தெடுத்துக்கொண்டே போனதில் பூவும் மாறியிருக்கிறது, விருந்தாளிகளும் மாறியிருக்கிறார்கள். நுணுக்கத்தை ரசிக்க வேண்டுமானால் நான் காட்டுப்பூவுக்கே ஓட்டுப் போடுவேன். சின்னது, எண்ணிக்கையில் குறைந்தது, தேடவைப்பது.

சரத்தின் செதில்களுக்குள் இலைப்பேன் ஒளிந்திருந்து பூவையும் பிஞ்சையும் சுரண்டும். சுரண்டப்பட்ட காயின் தோல் சொறி தட்டிவிடும், விலை இறங்கும். அதற்காக மருந்தடிக்கிறார்கள். அடிக்காமல் முடியாது என்பதும் புரிகிறது. ஆனால் பூ திறந்திருக்கிற காலை நேரத்தில் மருந்தடிப்பது இலைப்பேனைவிடப் பெரிய நஷ்டம். தேனீ செத்தால் காய்க்கு அடிப்படையே இல்லை.

ஐரோப்பியத் தாவரவியலாளர்களுக்கு இந்தச் செடி முதலில் விரிவாகத் தெரிய வந்தது ஹோர்ட்டஸ் மலபாரிகஸ் வழியாக. டச்சுக்காரரான வான் ரீடு கொச்சியில் இருந்தபோது உள்ளூர் வைத்தியர்களைக் கொண்டு திரட்டி, ஆம்ஸ்டர்டாமில் 1678 முதல் 1693 வரை 12 தொகுதிகளாக அச்சிட்ட நூல் அது. 1753-இல் லின்னேயஸ் ஏலத்தை அமோமம் இனத்தில் சேர்த்தார். தூரடியில் பூப்பதைப் பார்த்தால் சேர்க்கத் தோன்றுவது இயல்பே. 1811-இல் மேட்டன் என்ற ஆங்கிலேயர் பிரித்தெடுத்து, மலபாரில் வழங்கிய பெயரைத் தழுவி எலட்டாரியா என்று தனி இனமாக்கினார். இலங்கைக் காடுகளில் எலட்டாரியா என்சால் என்றொரு உறவு உண்டு. காய் பெரிது, நீளம். இந்த இனத்துக்குள் யார் யாரைச் சேர்ப்பது என்ற பஞ்சாயத்து தாவரவியலாளர்களிடையே இன்னும் ஓயவில்லை.

பூவை வேறு விதமாக அறிந்தவர்கள் காய் எடுக்கும் பெண்கள். போடி, தேவாரம், கோம்பை, கம்பம் ஊர்களிலிருந்து விடியற்காலையில் ஜீப் ஏறி மலைக்குப் போகிறவர்கள். பழம் பறிக்கிறவர் அண்ணாந்து பறிப்பார், நெல் அறுக்கிறவர் குனிந்து அறுப்பார். ஏலக்காய் எடுப்பவர் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, தூருக்குத் தூர் நகர்ந்து போக வேண்டும். பூத்த நாளிலிருந்து காய் முற்ற ஏறத்தாழ நான்கு மாதம் ஆகும். முற்றிய காயும் இன்று திறந்த பூவும் ஒரே சரத்தில், விரல் அகலத் தூரத்தில். காயை மட்டும் திருகி எடுக்க வேண்டும். பூ அசையக்கூடக் கூடாது. இந்தத் தெரிவு கண்ணால் நடப்பதில்லை. சருகுக்குள் கை விட்டு விரல்நுனியாலேயே முற்றலா பிஞ்சா என்று பார்த்துவிடுகிறார்கள். பூவைத் தொட்டுப் பார்க்க நான் கை நீட்டியபோது ஒரு அக்கா சொன்னது: "பூவைத் தொடாதீங்க தம்பி. இன்னிக்குப் பூ போச்சுன்னா நாலு மாசம் கழிச்சு ஒரு காய் போச்சு." தாவரவியல் புத்தகம் இதற்கு மேல் சுருக்கமாகச் சொல்லாது.

மலைக்குப் போக வாய்க்காதவர்கள் அடுக்களையிலேயே இந்தப் பூவின் மிச்சத்தைப் பார்க்கலாம். அஞ்சறைப் பெட்டியிலிருந்து ஒரு காயை எடுங்கள். ஒரு முனையில் காம்பு விட்ட வடு; மறு முனையில் சின்ன மூக்கு. இந்தப் பூவில் சூலகம் மற்ற எல்லா உறுப்புகளுக்கும் கீழே இருப்பது. ஆகவே காயின் தலைமேல்தான் பூ உட்கார்ந்திருந்தது. அந்த மூக்குதான் அது உட்கார்ந்திருந்த இடம். காயை உருட்டிப் பார்த்தால் முப்பட்டை தட்டுப்படும். உரித்தால் உள்ளே மூன்று அறை, நடுவில் மெல்லிய தோல் தடுப்பு, அறைக்கு ஒரு கட்டாக விதைகள். எல்லாம் சேர்த்துப் பதினைந்து இருபது தேறும். புல்லி மூன்று, அல்லி மூன்று, தாள்கள் மூன்று மூன்றாக இரண்டு வட்டம், சூலறை மூன்று. உதடு வேஷம் போட்டாலும் பூ தன் எண்ணைக் கைவிடவில்லை. காய்ந்து, டப்பாவில் கிடந்து, உரலில் விழும் வரை அந்த மூன்று அப்படியே இருக்கிறது.

நேரில் பார்க்க நினைப்பவர்களுக்கு மே, ஜூன் நல்ல மாதங்கள். தண்ணீர் பாய்ச்சும் தோட்டங்களில் அதற்குப் பிறகும் பூ கிடைக்கும். போடியிலிருந்து விடியற்காலையில் கிளம்பிப் பத்து மணிக்குள் தோட்டத்தில் இருங்கள். சாயங்காலம் போனால் துவண்ட பூவைத்தான் பார்ப்பீர்கள். தோட்டக்காரரிடம் கேட்டுக்கொண்டு உள்ளே போங்கள். அன்று மருந்தடித்திருக்கிறார்களா என்பதையும் மறக்காமல் கேளுங்கள். அடித்திருந்தால் வேறு நாள் பார்த்துக்கொள்ளலாம். மழைக்காலம் என்றால் அட்டைக்கு உப்புப் பொட்டலம் ஒன்று பையில் இருக்கட்டும். பூவைப் பறிக்காதீர்கள்.